முந்நூறு குதிரை

கண்ணாடி ரூமுக்கு அந்தப் பக்கம் மாமா ஆக்சிலேட்டரை மிதிக்கறான். மிதிக்கறாருன்னு சொல்லோணும், அக்கா வூட்டுக்காரரு, வாயைத் தெறந்தா எனக்கும் வாங்க போங்கன்னுதான் வரும், வருசக்கணக்காப் பழகிப்போச்சு, ஆனா மண்டைக்குள்ள அவன் அவன்தான், அதை எந்தக் கெரகத்தாலயும் மாத்த முடியாது. கார் ரோலர் மேல நிக்குது, எஞ்சினுக்கு எத்தனை குதிரை பலம்னு அளக்கற மெஷினு. முன்னால ரெண்டு பெல்ட், பின்னால ரெண்டு பெல்ட், தரையில இருக்கற கொக்கியில இழுத்து முறுக்கிக் கட்டியிருக்கேன். முன் சக்கரம் ரெண்டும் உருளை மேல சுத்துது, முள்ளு நூத்தி அறுவதைத் தாண்டுது, நூத்தி எம்பது, வண்டி இருந்த எடத்தை விட்டு ஒரு சாண் நகரலை, ஆனா பெல்ட்டு வெறைச்சுட்டு நடுங்குது. ஒரே ஒரு கொக்கி விட்டுச்சுன்னா நேரா எதுத்த செவுத்துக்குள்ள போயித்தான் நிக்கும். அதனாலதான் வண்டி ஓடறப்ப அதுக்கு முன்னால எங்க ஷெட்டுல யாரும் நிக்கப்படாது. அந்தக் கொக்கியை இன்னைக்கு எத்தனை தடவை பாத்துட்டேன். சீ, என்ன ரோசனை இது. காதுல ஹெட்போன். எஞ்சின் மேல போல்ட்டு போட்டு ஒரு மைக்கை மாட்டியிருக்கேன், உள்ள நடக்கற அத்தனையும் எனக்கு மட்டும் கேக்கும். பெட்ரோல் சொன்ன நேரத்துக்கு வெடிச்சா ஒரே சீரா இரையும். முந்திக்கிட்டு வெடிச்சா டிக்குன்னு ஒரு சத்தம், பிஸ்டன் தலையில சுத்தியல்ல தட்டுன மாதிரி. இங்கிலீசுல நாக்கிங்னு சொல்லுவோம். கேட்ட உடனே நான் கையைத் தூக்கோணும், மிதிக்கறவன் காலை எடுக்கோணும். தூக்காம விட்டா? டிக், டிக், டிக், பொறவு படார், எஞ்சினை வாரிக் கூடையில போட்டுட்டுப் போக வேண்டியதுதான். கேட்டுட்டே இருக்கேன். ஆறாயிரம் சுத்து, ஆறாயிரத்தி ஐநூறு, ஒரு டிக். கை தானா மேல போயிருச்சு. அவன் காலை எடுத்தான். எஞ்சின் படபடன்னு துப்பிட்டு அடங்குது, ஸ்கிரீன்ல கோடு ஏறி வளைஞ்சு நிக்குது, உச்சியில இரநூத்தி எழுவத்தி நாலு.

இரநூத்தி எழுவத்தி நாலு குதிரை. கம்பெனியில இருந்து வந்தப்ப இந்த வண்டிக்கு நூத்திப் பத்துதான். டர்போவைப் பெருசாக்கி, பெட்ரோல் பம்ப்பை மாத்தி, நான் ரெண்டு மாசமா இழைச்சு இழைச்சு இந்த அளவுக்குக் கொண்டாந்திருக்கேன், வேற ஒருத்தனா இருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இவன் ஜன்னல்ல தலையை நீட்டி எவ்வளவுன்னு கையை ஆட்டறான். மேசையில இருக்கற பேசற மைக்குல சொன்னேன், "எழுவத்தி நாலுங் மாமா." மொகரை கோணிப்போச்சு. "வாணி, உங்கிட்ட நான் என்ன சொன்னேன்? முந்நூறு. ஜெகன்னாதன் வண்டி இரநூத்தித் தொண்ணூறுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டுத் திரியறான். சொந்தக் கொழுந்தியா கையில குடுத்தும் இது நடக்கலைன்னா நான் வெளியில தலை காட்டறதா வேண்டாமா?" சிரிச்சுட்டேதான் சொல்றான். அவன் சிரிக்கறப்ப அக்காவைப் பாக்கவே கூடாது, பாத்துத் தொலைச்சுட்டேன். என் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கா. அவளும் சிரிக்கறா, அவன் சிரிச்சா அவளும் சிரிச்சாகோணும். இந்த வேகாத வெயில்ல மணிக்கட்டு வரைக்கும் கை வெச்ச சுடிதார். முந்நூறு வந்துதுன்னா போற வழியில பிரியாணி வாங்குவான், மல்லிப்பூ வாங்குவான், அக்கா பேரைச் சுருக்கி தமா தமான்னு கொஞ்சுவான், ஒரு வாரம் ஓடிரும். வரலைன்னா கார்ல ஏறுன உடனே ஆரம்பிச்சுரும். உன் தங்கச்சி ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா, நீ என்னத்தடி அவகிட்ட ஓதுனே, எல்லாரும் சேந்து என்னை நக்கல் பண்றீங்களான்னு, ஷெட்டு கேட்டைத் தாண்டறதுக்குள்ள முதல் அடி. போன வாரம் அக்கா போன்ல சொல்றா, "வாணி, அவரு வண்டியை நல்லாப் பண்ணிக் குடுத்துரு சாமி. வண்டி நல்லா ஓடுச்சுன்னா அவரும் நல்லாத்தான் இருக்கறாரு." காபிக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போடுங்கற மாதிரி சாதாரணமாச் சொன்னா. போனை வெச்சுட்டு கையில இருந்த ஸ்பேனரைச் செவுத்துல விட்டெறிஞ்சேன், பூச்சு பேந்து வந்துருச்சு. அதோ தெரியுது அந்த எடம். எங்கக்கா உடம்பு இந்த ஸ்கிரீன்ல ஒரு நம்பரா வந்து நிக்குது. இரநூத்தி எழுவத்தி நாலுன்னா அடி, முந்நூறுன்னா பிரியாணி.

சத்தம் தாங்காதுக்கா, இதை மாட்டிக்கன்னு வந்த உடனே காது மூடியை நீட்டினேன். "எனக்கு ஒரு பக்கத்துக்குப் போதும்டி"ன்னா. அதுக்கும் ஒரு சிரிப்பு. இடது காது போயிருச்சு. தீபாவளி சமயத்துல பைபாஸ்ல இதே ஜெகன்னாதன் இவனைத் தாண்டிப் போயிட்டான், பின்னாடி வந்த நாலு பேரும் ஹாரன் அடிச்சுச் சிரிச்சிருக்காங்க, வூட்டுக்கு வந்தான், அக்கா தோசை ஊத்திட்டு இருந்திருக்கா, சட்னி எங்கடின்னு கேட்டுட்டே உள்ளங்கையை விரிச்சு காது மேல ஒரே அடி. உள்ளங்கையை விரிச்சு காது மேல அடிச்சா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லவா வேணும்? காத்தை அழுத்தி ஒரு ஓட்டைக்குள்ள அடிக்கறதுதானே என் பொழப்பு, டர்போ அதைத்தானே பண்ணுது, அழுத்தம் தாங்கலைன்னா எது மெல்லிசா இருக்குதோ அது கிழியும். கிழிஞ்சுருச்சு. டாக்டர்கிட்ட கோயில் கூட்டத்துல யாரோ இடிச்சுட்டாங்கன்னு சொல்லியிருக்கா. எந்தக் கோயில்ல காது மேல இடிக்கறானுங்க? அந்த டாக்டரும் அதைக் கேட்டுட்டு சொட்டு மருந்து எழுதிக் குடுத்து அனுப்பிட்டான். எனக்குத் தெரிஞ்சது பொங்கலுக்கு. இடது பக்கமா நின்னு கூப்புட்டேன், திரும்பலை, மறுபடியும் கூப்புட்டேன், மறுபடியும் திரும்பலை, கோவத்துல முடியைப் புடிச்சு இழுத்தேன், அப்பத்தான் சொன்னா. நான் முடியைப் புடிச்சு இழுத்தேன். அவ தலையைக் கையால மூடிட்டுக் குனிஞ்சா பாருங்க, அவ்வளவு வேகமா, யாரு என்னன்னு பாக்காம, பழகுன உடம்பு. அவளை அடிச்ச அந்தக் கை, அவன் வலது கை, இப்ப ஸ்டீரிங் மேல கெடக்குது, ராசிக்கல்லு மோதிரத்தோட. அதைப் புடிச்சு டயருக்கும் ரோலருக்கும் நடுவுல குடுத்துட்டு ஆக்சிலேட்டரை நான் மிதிச்சா எப்படி இருக்கும்? மணிக்கட்டு வரைக்கும் போகும். முழங்கை வரைக்கும் போகும். கத்துவான். ஒரு தடவையாச்சும் அவன் கத்தி நான் கேக்கோணும். கேட்டுட்டு, சட்னி எங்கடான்னு கேக்கோணும்.

"வாணி, தூங்கிட்டியா?" ஜன்னல்ல இருந்து கத்தறான். "டைமிங்கைப் பாத்துட்டிருக்கேனுங் மாமா, ஒரு நிமிசம்." எவ்வளவு பவ்யமா வருது பாரு என் வாயில, நாக்கை அறுத்துப் போடலாம். மேப்பைத் தெறந்தேன். கட்டம் கட்டமா ஒரு அட்டவணை, எஞ்சினோட கம்ப்யூட்டர் இதைப் பாத்துத்தான் நடக்கும், இந்த வேகத்துல இவ்வளவு காத்து வந்தா பொறியை இப்ப விடு, பெட்ரோலை இவ்வளவு ஊத்துன்னு. கம்பெனிக்காரன் பயந்து பயந்து எழுதி வெச்சதை அழிச்சுட்டு நான் தைரியமா எழுதறேன், அவ்வளவுதான் ரீமேப்பு. நடு வரிசையில கொஞ்சம் ஏத்தினேன், கடைசியில டிக்கு வந்த எடத்துல கொஞ்சம் எறக்கினேன். எழுதி முடிச்சு ரெண்டாவது ஓட்டம். மிதிக்கறான். ஷெட்டே அதிருது, மேல தகரம் தடதடங்குது, முன்னால பெரிய காத்தாடி எஞ்சினுக்குக் காத்தை அடிக்குது, சூட்டுல கண்ணு எரியுது. வேலை பாக்கற பசங்க எல்லாம் சாப்புடப் போயிட்டாங்க, மூணே பேருதான் ஷெட்டுல, என்ன நடந்தாலும் பாக்க ஆளு கெடையாது. அதை ஏன் இப்ப நெனைக்கறேன்? ஆறாயிரத்தி அறுநூறு, டிக். கையைத் தூக்கினேன். இரநூத்தி எம்பத்தி ஒண்ணு. எஞ்சினுக்குச் சேதாரம் இல்லாம இனி ஒரு குதிரை கூட வராது, எஞ்சினைத் தாயா நெனச்சுக் கெஞ்சினாலும் வராது. அவன் ஸ்டீரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா தோள்பட்டை ஒரு தடவை தூக்கிப் போட்டுது. குத்து விழுந்தது ஸ்டீரிங் மேல, துள்ளுறது இவ.

அப்பனைச் சொல்லோணும் முதல்ல. ரெண்டு தடவை வந்தா அக்கா. முதல் தடவை பல்லு ஆடிட்டு இருந்துது, ரெண்டாவது தடவை வெறும் நைட்டியோட, மேல ஒரு துண்டைப் போட்டுட்டு விடியக்காலம் பஸ் ஏறி வந்தா. ரெண்டு தடவையும் எங்கப்பன் அவளைக் குளிக்க வெச்சு, புதுச் சேலை கட்டச் சொல்லி, ஆப்பிள் ஒரு கிலோ வாங்கி, சொந்தக் கார்ல கொண்டு போயி விட்டுட்டு வந்தாரு. விட்டுட்டு வந்தது மட்டுமா, அங்க உக்காந்து மாப்பிள்ளையோட சாப்புட்டுட்டு வந்தாரு. "ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும் வாணி, உன்ற அக்கா வாயைக் குறைக்கோணும்." வாயா? அவளுக்கு எங்கய்யா வாயி? அவ பேசி நான் கேட்டு வருசமாச்சு. வாயெல்லாம் எனக்குத்தான், எனக்கு வந்த மாப்பிள்ளையெல்லாம் இந்த வாயைப் பாத்துத்தான் ஓடுனான், நல்லதாப் போச்சு. அன்னைக்கு அப்பனோட சட்டையைப் புடிச்சுட்டேன். பெத்த அப்பன் சட்டையை. பட்டன் தெறிச்சுருச்சு. அம்மா அழுதா, அக்கா என் கையைப் பிரிச்சு விட்டுட்டு, "நான் போறேன்டி, நீ சண்டை போடாத"ன்னு போயி கார்ல ஏறிட்டா. முன் சீட்டுல ஏறலை, பின் சீட்டுல, ஆப்பிளு பக்கத்துல உக்காந்துட்டா. எனக்கு யாரை அடிக்கறதுன்னே தெரியலை.

எங்க தொழில்ல ஒரு திருட்டுத்தனம் இருக்குது, எல்லாரும் பண்றதுதான், யாரும் சொல்ல மாட்டாங்க. இந்த மெஷினுக்கு வெளிய எவ்வளவு சூடு, காத்து எவ்வளவு கனம்னு சொல்லோணும், அதை வெச்சுக் கணக்குப் போட்டுத்தான் நம்பரைக் காட்டும். பொய்யா அம்பது டிகிரி வெயில்னு சொன்னா, அட பாவமேன்னு அதுவா நம்பரை ஏத்திக் காட்டும். வண்டி அதே வண்டி. காயிதத்துல முந்நூறு. பிரிண்டு போட்டுக் குடுத்தா ஃபிரேம் பண்ணி மாட்டிக்குவான், பிரியாணி, மல்லிப்பூ, தமா தமா. அதுல கை வெச்சுட்டேன், சூட்டை ஏத்தி எழுதப் போயிட்டேன், அப்பறம்தான் உறைச்சுது. ஞாயித்துக்கெழமை காலைல பைபாஸ்ல ஜெகன்னாதன் வருவானே? காயிதம் ஓடுமா அங்க? இவன் தோப்பான், பின்னாடி ஹாரன் அடிப்பாங்க, சிரிப்பாங்க, வூட்டுக்கு வருவான், இன்னொரு காது இருக்குதே அவளுக்கு. பொய் சொன்னாலும் அடி, நெசத்தைச் சொன்னாலும் அடி, ஒண்ணு இன்னைக்கு, ஒண்ணு ஞாயித்துக்கெழமை. என்னத்தையடா பண்றது? இந்த லேப்டாப்பைத் தூக்கி அவன் மண்டையில போட்டா என்ன? எந்த மூலை கூரா இருக்குதுன்னு கையால தடவிக்கூடப் பாக்கறேன், கருமம்.

நெசமாவே முந்நூறைக் குடுத்தா? இது எப்ப வந்துதுன்னு தெரியலை, ரொம்ப நாளாவே உள்ள உக்காந்திருந்துதோ என்னவோ, வந்து நின்னப்ப எனக்கு ஆச்சரியமே இல்லை. குடுக்கலாம். பொறியை இன்னும் முன்னால தள்ளி, பெட்ரோலைக் கொஞ்சம் குறைச்சு விட்டு, டர்போவை இன்னும் அழுத்தச் சொன்னா முந்நூறு வரும். டிக்கு டிக்குன்னு வரும். இங்க ரோலர் மேல பத்து நொடி மிதிக்கறதுக்குத் தாங்கும். பைபாஸ்ல ரெண்டு நிமிசம் காலை எடுக்காம மிதிச்சா தாங்காது. பிஸ்டன் உருகும், அதைத் தாங்கற ராடு முறிஞ்சு எஞ்சின் வயித்தைப் பொத்துக்கிட்டு வெளிய வரும், எண்ணெய் மொத்தமும் முன் டயர் மேல கொட்டும், இரநூறுல போறப்ப முன் டயருக்கு எண்ணெய் விட்டா அது எங்க போகும், ஸ்டீரிங்கை எவ்வளவு குத்தினாலும் திரும்பாது, நடு மதில் இருக்குது, லாரி நிக்கும், பாலத்தூணு இருக்குது. உருண்டு போயிக் கெடப்பான், அந்த ராசிக்கல்லு மோதிரம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஊரு என்ன சொல்லும், வேகமாப் போனான் செத்தான்னுதான் சொல்லும். எங்கப்பன் ஆப்பிள் வாங்கிட்டு வந்து எழவு கேப்பாரு. அக்கா அழுவாளா? அழுவா. அழுதுட்டுப் போறா, ஒரு மாசம் அழட்டும், அப்பறம் நிம்மதியாத் தூங்குவா, வாசல் கேட்டுத் தெறக்கற சத்தத்துக்குத் தூக்கிப் போடாம தூங்குவா. நான் கொலைகாரி ஆயிருவேன். ஆனா என்ன? இவன் தெனம் கொஞ்சம் கொஞ்சமாப் பண்றதை நான் ஒரேயடியாப் பண்றேன். எதுத்தாப்ல வர்றவன்? பால் வண்டிக்காரன் எவனாச்சும் வந்தா? அதை நெனைக்காத வாணி, நெனைக்காத, நெனச்சா முடியாது. விரல் கட்டத்துக்குள்ள போகுது. கடைசி வரிசை. ஒண்ணு ஏத்தினேன். இன்னொண்ணு. நான் எழுதுன மேப்புல ஒரு எஞ்சின் வெடிச்சதா எவனும் இதுவரைக்கும் சொன்னதில்லை, கோயமுத்தூர்ல கேட்டுப் பாருங்க. இன்னும் ரெண்டு. இவ பக்கத்துல உக்காந்து ஸ்கிரீனைப் பாத்துட்டே இருக்கா, இவளுக்கு இது என்ன தெரியும், வெறும் நம்பரு. எழுதுன்னு பட்டனைத் தட்டினேன், எழுதி முடிச்சுது, "மிதிங்க மாமா"ன்னேன், என் குரல் எனக்கே வேற யாரோ பேசுன மாதிரி கேட்டுது.

மிதிச்சான். நாலாயிரம், அஞ்சாயிரம், பெல்ட்டு முறுக்கிக்கிட்டு நடுங்குது, தகரம் அலறுது, ஆறாயிரத்துல டிக். டிக். ஹெட்போன்ல எனக்கு மட்டும். கை மடி மேலயே இருக்குது. டிக் டிக் டிக். தூக்குடி கையைன்னு உடம்பு முழுக்கச் சொல்லுது, இத்தனை வருசப் பழக்கம், தோள்பட்டை தானா எகிறுது, ஒரு கையால இன்னொரு கையை அழுத்திப் புடிச்சுட்டேன். சுத்தியல்ல தட்டறாங்க, தட்டறாங்க, இது அவ பல்லுக்கு, இது காதுக்கு, தட்டட்டும். ஏழாயிரம். அவனே காலை எடுத்தான். முந்நூத்தி மூணு. ஹெட்போனைக் கழட்டறதுக்குள்ள கதவைத் தெறந்துட்டு ஓடி வர்றான், கண்ணாடி ரூமுக்குள்ள வந்து தொடையைத் தட்டறான், "அடேங்கப்பா! கொழுந்தியான்னா இவ கொழுந்தியா! பாத்தியா தமா, உன் தங்கச்சி என் மானத்தைக் காப்பாத்திட்டா." சொல்லிட்டு அக்கா கன்னத்துல செல்லமாத் தட்டறான். கை வந்து படறதுக்கு முன்னாலயே அவளுக்குக் கண்ணு மூடிக்குது. நான் மேசை விளிம்பைப் புடிச்சுட்டு நிக்கறேன், போ, போடா, இன்னும் மூணு நாளு. அப்பத்தான் சொல்றான், "ஞாயித்துக்கெழமை இவளைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டுத்தான் ஜெகன்னாதனை முடிக்கப் போறேன். இவ பயந்துட்டுக் கத்தறது காதுல விழுந்தாத்தான் வாணி, எனக்கு வண்டி ஓட்டுன மாதிரியே இருக்குது."

இடது சீட்டு. லாரி மோதுனா முதல்ல போற பக்கம். நான் இந்த அஞ்சு நிமிசமா அந்தக் கார்ல அவனை மட்டும் உக்கார வெச்சு உருட்டிட்டு இருந்தேன். "ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குதுங் மாமா"ன்னு வாய் சொல்லுது, நல்ல வாயி, எப்பவும் எங்கிட்டக் கேக்காமயே பேசிரும். "சாவியை ஆன்ல வெச்சுட்டு உள்ள உக்காருங்க, ஸ்டார்ட் பண்ணீராதீங்க." சரிங்க மேடம்னு சலாம் போட்டுட்டுப் போறான், உக்காந்த உடனே போனைக் காதுல வெச்சுட்டான், ஜெகன்னாதனுக்குத்தான், எகத்தாளமா ஒரு காலைக் கதவு மேல தூக்கிப் போட்டுட்டு. ரெண்டாவது ஓட்டத்து மேப்பைத் தேடி எடுத்தேன், எழுதுன்னு தட்டினேன், பட்டை நகர ஆரம்பிச்சுது. "மறுபடியும் என்னடி?"ன்னு அக்கா கேட்டா.

"பழசைத் திருப்பிப் போடறேன்."

"ஏன்? அதான் முந்நூறு வந்துதே."

மறைக்கலாம்னு பாத்தேன், முடியலை. "அந்த முந்நூறு பைபாஸ்ல வெடிச்சுரும்க்கா. வெடிக்கோணும்னுதான் போட்டேன். அவன் தனியாப் போவான்னு நெனச்சேன்." அழுவா, இல்லைன்னா என்னை அறைஞ்சுருவா, அப்படித்தான் நெனச்சேன். அறைஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். அவ கண்ணாடி வழியா அவனையே பாத்துட்டிருக்கா. பாத்துட்டே சொல்றா, "தெரியும். முதல் ரெண்டு தடவை கையைத் தூக்கினே. மூணாவது தடவை தூக்கலை. கையைக் கையால புடிச்சுட்டே." எத்தனை வருசமா அவ அடுத்தவங்க கை எப்ப மேல போகுதுன்னு பாத்துட்டு இருக்கறா, அவளுக்குத் தெரியாம இருக்குமா? "அதை ஏண்டி எடுக்கறே, அப்படியே விட்டுரு"ன்னா.

"அக்கா, அதுல நீ இருப்பேக்கா."

"இருந்தா என்ன?" என்னைத் திரும்பிப் பாத்தா. மொகத்துல ஒண்ணுமே இல்லை, பஸ்ல நின்னுட்டே போயிக்கறேன்னு சொல்றவ மாதிரி. "இருந்துட்டுப் போறேன். விட்டுரு வாணி."

அடிப்பாவி, அடிப்பாவின்னு எனக்குள்ள கத்துது. நான் அவனைக் கொல்றதுக்குக் கணக்குப் போட்டுட்டு இருந்தேன், இவ இங்க பக்கத்துல உக்காந்து, அதுல தனக்கும் ஒரு சீட்டுப் போட்டுட்டு இருந்திருக்கா. எது நல்ல மேப்பு? இரநூத்தி எம்பத்தி ஒண்ணைப் போட்டு அவளை அவன்கூட அனுப்பறதா, அது நல்ல மேப்பா? முந்நூத்தி மூணைப் போட்டு அனுப்பறதா? எதைப் போட்டாலும் இவ அந்தக் கார்ல ஏறத்தானே போறா, கதவைத் தெறந்துட்டு, சிரிச்சுட்டு. பட்டை பாதிக்கு வந்துருச்சு. எழுதறப்ப முதல்ல பழசு மொத்தமும் அழியும், அப்பறம்தான் புதுசு கொஞ்சம் கொஞ்சமா ஏறும், பாதியில இதுவும் இல்லை அதுவும் இல்லை. அந்த நேரத்துல லேப்டாப்புல இருந்து காருக்குப் போற ஒயரு கழண்டுதுன்னா எஞ்சினோட கம்ப்யூட்டர் செத்துரும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, அப்பறம் அது காயலான் கடைக்குத்தான். எழுதிட்டு இருக்கறப்ப நாங்க ஃபேனைக் கூட நிறுத்த மாட்டோம், ஒருத்தன் ஒயரைத் தாண்டி நடந்தா அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன் நான். ஒயரைப் புடிச்சேன். புடுங்கினேன். ஸ்கிரீன் செவந்துருச்சு. அங்க கார்ல டேஷ்போர்டு வெளிச்சம் மொத்தமும் அணைஞ்சுது, அவன் அதைப் பாக்கலை, போன்ல, "முந்நூறுடா, முந்நூறு, ஞாயித்துக்கெழமை வாடா"ங்கறான்.

"எந்திரி"ன்னேன். அக்கா பேந்தப் பேந்த முழிக்கறா. "என்னடி பண்ணினே? ஐயோ, அது போச்சுன்னா இன்னைக்கு என்னைக் கொன்னே போட்டுருவாருடி." அந்தச் சீட்டுல செத்துட்டுப் போறேன்னு இப்பத்தான் சொன்னா, அதுக்குள்ள அடிக்குப் பயம். "இன்னைக்கு நீ அங்க போகலை." "அப்பா மறுபடியும் கொண்டாந்து விட்டுருவாரு." "அப்பன் வூட்டுக்கு எவ போறா? எந்திரிக்கா." எந்திரிக்கலை. கையைப் புடிச்சு இழுத்தேன், ஸ்ஸ்னா, வலிக்கத்தான் இழுத்திருக்கேன், இருக்கட்டும், இது ஒண்ணை மட்டும் பொறுத்துக்க. பின் கதவு வழியா வெளிய வந்தோம், வெயில் மூஞ்சியில அறையுது. வாசல்ல குனிஞ்சு செருப்பைத் தேடறா. ஒண்ணு இருந்துது, மாட்டிட்டா. இன்னொண்ணை அந்தப் பெரிய காத்தாடி எங்கயோ தள்ளிவிட்டுருச்சு, ஷெட்டுக்குள்ள, கார் பக்கமாக் கெடக்குது. உள்ள இருந்து குரல் வருது, "வாணி, லைட்டெல்லாம் போயிருச்சு, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங் மாமா"ன்னேன்.

அக்கா அந்தச் செருப்பையே பாத்துட்டு நின்னா. எடுக்கப் போயிருவாளோ, போனா இனி நான் இழுக்க மாட்டேன்னு மட்டும் தெரிஞ்சுது. வெளிய நிறுத்தியிருந்த என் பைக்கை உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு நின்னேன். அவ கால்ல கெடந்த ஒண்ணையும் உதறி விட்டுட்டு வெறுங்காலோட நடந்து வந்து பின்னால ஏறிக் குந்துனா. சித்திரை மாசத்துத் தார் ரோடு, கொதிச்சிருக்கும்.